பதினேழாம் எண் செல்கள்

இதைக் கதை என்று நினைத்துப் படித்தால் எனக்கு நிம்மதிதான். கதை என்றால் நான் செய்ததும் கதையாகிவிடும். ஆனால் நடந்தது. நடந்தபோது நான் தூங்கவில்லை, காய்ச்சல் இல்லை, எதையும் குடித்திருக்கவும் இல்லை. பேய் என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் கிண்டல் செய்கிற ஆள் எங்கள் வகுப்பில் நான்தான். என் தங்கை இருட்டில் தண்ணீர் குடிக்கப் போகப் பயப்படுவாள் என்பதற்காக வருடக்கணக்கில் அவளை ஓட்டியிருக்கிறேன். இப்போது ஓட்டுவதில்லை.

அப்போது நான் உயிர் மருத்துவ அறிவியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு. ப்ராஜெக்ட்டுக்காக ஓர் ஆய்வகத்தில் சேர்ந்திருந்தேன். புற்றுநோய்க் கட்டிகளிலிருந்து எடுத்த செல்களை வளர்க்கிற இடம். வளர்ப்பது என்றால் நிஜமாகவே வளர்ப்பதுதான். கண்ணாடி போன்ற வட்டப் பிளேட்டின் அடியில் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே மீடியா என்கிற இளஞ்சிவப்புச் சத்துநீர். இரண்டு நாளைக்கு ஒரு முறை பழையதை எடுத்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். பிறகு இன்குபேட்டருக்குள் வைக்க வேண்டும். அது நம் உடம்புச் சூட்டிலேயே இருக்கிற ஓர் இரும்புப் பெட்டி. செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தெரியாது. அதனால் எங்களுக்குள் முறை வைத்திருந்தோம். யார் முறையோ அவர் வந்து எல்லோருடைய செல்களுக்கும் மீடியா மாற்ற வேண்டும். பிள்ளை பார்க்கிற வேலை என்று சொல்லிச் சிரிப்போம்.

என்னுடைய செல்களுக்கு ராட்சசன் என்று பேர் வைத்திருந்தோம். எந்தக் காலத்திலோ செத்துப்போன யாரோ ஒருவருடைய கட்டியிலிருந்து எடுத்து, கை மாறிக் கை மாறி எல்லா ஆய்வகங்களிலும் வளர்கிற ரகம் அது. எதைக் கொடுத்தாலும் தின்னும். என்ன செய்தாலும் சாகாது.

அக்காவின் செல்கள் அப்படி இல்லை. அக்கா என்பது கூடப் பிறந்தவர் இல்லை. நான்கு வருடமாக முனைவர் பட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எங்கள் சீனியர். அவருடையவை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த செல்கள். யாருடையது, ஆணா பெண்ணா, என்ன வயது, எதுவும் எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். எண் மட்டும்தான் வரும். முதல் பதினாறு பேருடையதும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பதினேழு மட்டும் பிழைத்தது. அதுவும் நோஞ்சான். நீளநீளமாக, மெலிந்து, மாதத்துக்கு ஒரு பிளேட் நிரம்பினாலே பெரிய விஷயம். அக்கா அதை இன்குபேட்டரின் மேல் தட்டில் தனியாக வைத்திருந்தார். காலையில் வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்க்கத்தான் போவார்.

செல் வளர்க்கிற இடங்களில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு ரகத்துக்கும் தனி மீடியா பாட்டில். இரண்டு ரகத்தை ஒரே நேரத்தில் வெளியே எடுக்கவே கூடாது. நோஞ்சானை முதலில் முடித்து உள்ளே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அப்புறம்தான் வேகமாக வளர்வதைத் தொட வேண்டும். ஏனென்றால் ராட்சசனின் ஒரே ஒரு செல் நோஞ்சானின் பிளேட்டில் விழுந்தால் போதும். மூன்று வாரத்தில் பிளேட் முழுவதும் ராட்சசன்தான் இருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வாசலில் பைக்கோடு காத்திருந்தார்கள். மேட்ச் பார்க்கப் போக வேண்டும். நான் இரண்டையும் ஒன்றாக வெளியே எடுத்தேன். அவசரத்தில், என் பிளேட்டைத் தொட்ட பிப்பெட்டை, அதாவது நீரை உறிஞ்சி எடுக்கிற குழலை, அக்காவின் மீடியா பாட்டிலுக்குள் விட்டேன்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லமாட்டேன். விட்ட அந்த நொடியே தெரிந்தது. பாட்டிலைக் கொட்டிவிட்டு அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு திட்டோடு போயிருக்கும். ஒரு சொட்டுதானே என்று மூடியைத் திருகி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனேன். நாங்கள் பார்க்கப் போன மேட்ச்சும் தோற்றுப்போனது.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை, அக்கா ஒரு பெரிய பொட்டலம் சாக்லேட்டோடு வந்தார். பதினேழு வளர ஆரம்பித்துவிட்டதாம். கிடுகிடுவென்று வளர்கிறதாம். நான்கு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"நீ மீடியா மாத்தின வாரத்துல இருந்துதான்டா. எல்லாம் உன் கைராசி."

நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். நீளநீளமான செல்கள் ஒன்றுகூட இல்லை. குண்டுகுண்டாக, கூழாங்கல் பரப்பினதுபோல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாகப் பழகிய முகம். நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். சாக்லேட்டையும் வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்க்கு வட்டி ஏறியது. அக்கா இரவு பகலாகச் சோதனை செய்தார். எங்கள் பேராசிரியர் அதைக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று தினமும் காலையில் கிளம்புவேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையாவது பேசிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா சொன்னார்.

"டாக்டர் போன் பண்ணாரு. வர்ற வியாழக்கிழமை பதினேழோட வீட்ல இருந்து ஒருத்தர் வராங்களாம். ஒரு தடவை பார்க்கணுமாம்."

"எதை?"

"செல்லைத்தான்டா. ஆள் போயாச்சு. உயிரோட மிச்சம் இருக்கறது இது மட்டும்தானே."

அன்று இரவு நான் ஒரு முடிவு எடுத்தேன். உண்மையைச் சொல்லும் முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு நல்லவன் இல்லை. ஞாயிறு என் முறை. அக்காவின் ஆறு பிளேட்டிலும் பிளீச் ஊற்றிக் கொன்றுவிடுவது. பூஞ்சை பிடித்திருந்தது, மற்றதற்குப் பரவக் கூடாதென்று கொட்டிவிட்டேன் என்று சொல்வது. அப்படிக் கொட்டுவதுதான் வழக்கம், யாரும் கேள்வி கேட்க முடியாது. பதினேழு வந்த புதிதில் அதன் செல்களை உறைய வைத்த குழாய்கள் இரண்டு இருந்தன. அக்கா அதிலிருந்து மறுபடி தொடங்குவார். வியாழக்கிழமை வருகிறவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். என் தப்பும் பிளீச்சோடு சாக்கடைக்குப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை. மாலை ஏழு பத்து. பேய்க்கான நேரமே இல்லை, அதைக் கவனியுங்கள். கீழே காவலாளி அண்ணன் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேல யாராவது இருக்காங்களாண்ணா?"

"காலையில இருந்து ஒருத்தரும் வரல தம்பி. நீதான் முதல் போணி."

செல் வளர்க்கிற கல்ச்சர் ரூம் மூன்றாவது மாடியில், நடையின் கடைசியில். ஜன்னல் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கிற ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். கதவைத் திறந்ததும் விளக்கு தானாக எரியும். அது சென்சார் விளக்கு. சென்சார் மைக்ரோஸ்கோப் மேஜைக்கு நேர் மேலே இருக்கிறது. அங்கே மூன்று நிமிடம் எந்த அசைவும் இல்லையென்றால் அணைந்துவிடும். அறையின் மறுபக்கம் ஹுட் இருக்கிறது. சுத்தமான காற்று வீசுகிற, முன்னால் கண்ணாடி போட்ட வேலை மேஜை. அங்கே உட்கார்ந்து வேலை செய்தால் சென்சாருக்கு நாம் தெரியமாட்டோம். விளக்கு அணையும். கையை உயர்த்தி ஆட்டினால் எரியும். அன்றைக்கு எத்தனை முறை கை ஆட்டினாய் என்று ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வோம்.

உள்ளே போனேன். மைக்ரோஸ்கோப்பின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நேற்று யாரோ அணைக்க மறந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஸ்டூல் உச்சிவரை உயர்த்தப்பட்டிருந்தது. அவ்வளவு உயரத்தில் எங்களில் யாரும் உட்கார மாட்டோம். உட்கார்ந்தால் முழங்கால் மேஜையில் இடிக்கும். நான் அதை இறக்கினேன்.

கண் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. இரண்டு கண்ணுக்குமான குழல்கள் ஒன்றோடொன்று நெருங்கிப்போய் இருந்தன. அவரவர் கண்ணின் இடைவெளிக்கு ஏற்ப அதை நகர்த்திக்கொள்வோம். பக்கத்தில் மில்லிமீட்டரில் அளவுகூட இருக்கும். எனக்கு அறுபத்தாறு. அக்காவுக்கு அறுபத்திரண்டு. பேராசிரியருக்கு எழுபது.

ஐம்பத்திரண்டில் நின்றது.

எங்கள் ஆய்வகத்தில் ஐம்பத்திரண்டு யாருக்கும் கிடையாது. யாரோ துடைக்கும்போது நகர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு, அறுபத்தாறுக்கு இழுத்து வைத்தேன். திருட்டு வேலைக்கு வந்தவன் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

ஹுட்டின் முன்னால் உட்கார்ந்தேன். மின்விசிறி உறுமத் தொடங்கியது. பிளீச் பாட்டிலைத் திறந்து பீக்கரில் ஊற்றினேன். வாடை மூக்கில் ஏறியது. அக்கா தினமும் காலையில் முதலில் பார்க்கப் போகிற முகத்தை நான் கொல்லப் போகிறேன். அது அந்த முகமே இல்லை என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது.

நான் ஹுட்டில் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கையை ஆட்டவே இல்லை.

விளக்கு அணையவில்லை.

சென்சார் கெட்டுப்போயிருக்கும்... அப்படித்தான் நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் விளக்கு அணைந்தது. எனக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது. சரி, கெட்டுப்போகவில்லை. கையை ஆட்டலாம் என்று தூக்கினேன்.

ஆட்டுவதற்கு முன்பே விளக்கு எரிந்தது.

தூக்கிய கை அப்படியே நின்றது.

பின்னால்... க்ளக்.

இன்குபேட்டரின் வெளிக்கதவு. அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வேன். அடுத்து உள்ளே இருக்கிற கண்ணாடிக் கதவு. அடுத்து, கதவு திறந்ததில் பெட்டிக்குள்ளிருந்து வெளியே போன வாயுவை ஈடுகட்ட வால்வு திறக்கிற சத்தம்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

அந்த வால்வு சும்மா திறக்காது. யாராவது கதவைத் திறந்தால்தான் திறக்கும்.

"அக்கா?"

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்பதுதான் உண்மை. கழுத்து என் பேச்சைக் கேட்கவில்லை.

டக்.

பிளாஸ்டிக் பிளேட்டை மைக்ரோஸ்கோப்பில் வைக்கிற சத்தம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பிளேட்டை மேஜைமேல் தள்ளிவிடுகிற உரசல்.

டக். அமைதி. உரசல்.

டக்...

எனக்கு முன்னால் ஹுட்டின் கண்ணாடி இருந்தது. அதில் பின்னால் இருக்கிற அறை மங்கலாகத் தெரியும். பார்க்காதே என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. பார்த்தேன்.

ஆள் யாரும் இல்லை.

ஸ்டூல் மட்டும் தெரிந்தது. நான் இறக்கி வைத்த ஸ்டூல். உச்சிவரை உயர்ந்திருந்தது.

அது ஆடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் கொஞ்சம்... வலது பக்கம் கொஞ்சம்... கால் எட்டாதவர்கள் உயரமான இடத்தில் உட்கார்ந்தால் ஆடுவார்களே, அப்படி.

டக்.

உரசல்.

டக்.

எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது ஆறாவதின்போதுதான் தெரிந்தது.

ஆறாவது உரசலுக்குப் பிறகு சத்தம் இல்லை.

ஸ்டூல் ஆட்டத்தை நிறுத்தியது.

மெதுவாக...

என் பக்கம் திரும்பியது.

அப்படியே நின்றது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிளீச் வாடை. மின்விசிறி. என் மூச்சு. முதுகில் யாரோ உற்றுப் பார்க்கிறார்கள் என்பதை உடம்பு முழுவதும் உணர்ந்தேன். கோபமாகப் பார்ப்பதாகத் தோன்றவில்லை. கேட்டதற்குப் பதில் வரும் என்று காத்திருப்பதுபோல் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விளக்கு அணைந்தது.

கையை வெறி பிடித்தவன்போல் ஆட்டினேன். எரிந்தது. திரும்பினேன்.

அக்காவின் ஆறு பிளேட்டும் மேஜைமேல் கிடந்தன. பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கினதுபோல், ஒவ்வொன்றும் ஒரு திசையில். என் பிளேட்டுகளை யாரும் தொடவில்லை. மைக்ரோஸ்கோப்பின் கண் வைக்கிற கண்ணாடிகள் இரண்டிலும் மூச்சு பட்ட ஈரம் பூத்திருந்தது. என் கண் முன்னால் அது மெல்ல மறைந்தது.

பக்கத்தில் அளவு. ஐம்பத்திரண்டு.

ஓடினேன்.

படியில் எத்தனை இடத்தில் விழுந்தேன் என்று மறுநாள் முழங்கால் சொன்னது. காவலாளி அண்ணன் பாட்டை நிறுத்தினார்.

"என்ன தம்பி, ரப்பர் செருப்போட கிளம்பிட்ட?"

நான் நிற்காமல் தெருவுக்கு வந்து ஆட்கள் நடமாடுகிற டீக்கடை வாசலில் நின்றேன். கடிகாரம் எட்டு ஐந்து காட்டியது.

திங்கட்கிழமை அக்கா என்னைக் காய்ச்சி எடுத்தார். ஆறு பிளேட்டையும் ராத்திரி முழுக்க வெளியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாயே, மூளை இருக்கிறதா என்று. மறந்துவிட்டேன் என்று சொன்னேன். இன்னொரு பொய். நல்ல வேளையாக எதுவும் சாகவில்லை. ராட்சசன் சாவானா?

"பார்த்தியாடா, என் பதினேழு எவ்ளோ கெட்டின்னு."

அக்கா பெருமையாகச் சொன்னார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பிற்பாடு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை மதியம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். யாருடைய செல் என்று கண்டுபிடிக்கிற மரபணுச் சோதனை செய்தார்கள். ஆறு பிளேட்டிலும் பதினேழின் ஒரு செல்கூட இல்லை. அக்காவின் இரண்டு மாத வேலை குப்பைக்குப் போனது. உறைய வைத்த முதல் குழாய் பிழைக்கவில்லை. இரண்டாவது பிழைத்தது, பழையபடி நோஞ்சானாக. பேராசிரியர் என்னைக் கல்ச்சர் ரூமுக்குள் விடவில்லை. கணினியில் செய்கிற வேறு வேலையைக் கொடுத்தார். அக்கா ரொம்ப நாள் பேசவில்லை. பேசியபோது சொன்னது இவ்வளவுதான்.

"பாட்டில்ல விட்டது யாருக்கும் நடக்கும்டா. நான் கைராசின்னு சொன்னப்ப சிரிச்ச பாரு. அதைத்தான் என்னால மறக்க முடியல."

என்னாலும் முடியவில்லை.

மனசாட்சி உறுத்தி நானாகச் சொன்னதாகத்தான் பேராசிரியர் நினைக்கிறார். அந்த விஷயத்தில் மட்டும் என்னைக் கொஞ்சம் மதிக்கவும் செய்கிறார். அந்த மதிப்புக்கும் நான் லாயக்கில்லை. வியாழக்கிழமை காலையில்கூட நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

பத்தரைக்குப் பதினேழின் வீட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தனியாக வந்திருந்தார். ரப்பர் செருப்பு அவருக்குப் பெரிதாக இருந்தது. சத்தம் வரக் கூடாதென்று பாதத்தை இழுத்து இழுத்து நடந்தார். பேராசிரியர் ஊரில் இல்லை. அக்காவும் நானும்தான். அக்கா ஒரு பிளேட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் கொடுத்தார்.

"பாருங்கம்மா. எவ்ளோ நல்லா வளர்ந்திருக்கு."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு குழப்பம்தான் இருந்தது.

"உங்க வீட்ல... யாரும்மா?" அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என் பொண்ணு. ஏழு வயசு. மூணு மாசம் ஆச்சு."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்டூலைப் பார்த்தேன்.

"போனதுக்கப்புறம் ஒரு தடவைகூடக் கனவுல வரல. இந்த ஞாயித்துக்கிழமை சாயந்திரம் சோபாவுல கண்ணசந்துட்டேன். அப்ப வந்தா. 'அம்மா, நீ பார்க்கப் போற இடத்துக்கு நான் முதல்லயே போய்ப் பார்த்துட்டேன். ஆறு இருந்துச்சு. ஆறுலயும் தேடிட்டேன், ஒண்ணுலயும் நான் இல்லம்மா'ன்னு சொன்னா."

"கனவுதானேம்மா," என்றார் அக்கா. பிளேட் ஆறு என்று அந்த அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

அந்த அம்மா அக்காவின் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அதுவரை அவர் என்னைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"இன்னொண்ணும் சொன்னா தம்பி. 'அங்க ஒரு அண்ணா அழுதுட்டு இருந்தாரும்மா. நான் எங்கன்னு அவருக்குத் தெரியும், என்கிட்ட சொல்லல, நீ போய்க் கேளு'ன்னா."